உன் ஜோங்கா, என் எஸ்டோனியன்

தார்த்து, எஸ்டோனியா
14 ஜனவரி 2024

பானு,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்து ஐந்து மாதம் ஆகிறது. மின்னஞ்சல் போட்டாலும் பதில் இல்லை. தபால்கார தர்மன் அண்ணன் மொபெட்டில் கொண்டுவந்து கொடுப்பதை மட்டும் உன்னால் தடுக்க முடியாது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

ஆகஸ்டில் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. வந்தாய். அம்மா கட்டிக்கொடுத்த மூட்டையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாய். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என் மொழிய எடுத்துக்கிட்டுப் போறடி. நல்லா இரு" என்றாய்.

எம்.ஏ. மொழியியலில் ஆளுக்கொரு மொழி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். உனக்கு எஸ்டோனியன், எனக்கு ஜோங்கா. வகுப்பே சிரித்தது. எஸ்டோனியா எங்கே இருக்கிறது என்று நீயும், பூட்டானில் என்ன பேசுவார்கள் என்று நானும் நூலகத்தில் தேடினோம். அதன்பிறகு இரண்டு வருடம் ஆளுக்கொரு மொழியோடு குடித்தனம் நடத்தினோம். தார்த்துவில் ஒரே ஓர் ஆய்வு இடம் வந்தது. இருவரும் நேர்காணலில் உட்கார்ந்தோம். நீ அவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினாய். நான் ஒரு வாரம் உன் வீட்டில் தங்கி நீ சொல்லிக்கொடுத்த நாற்பது வாக்கியங்களை ஒப்பித்தேன். கடைசியில், எஸ்டோனியனையும் ஜோங்காவையும் ஒப்பிடப் போகிறேன் என்றேன். அந்த ஒரு வரிக்காக எனக்குக் கொடுத்தார்கள். நான் பறிக்கவில்லை. ஆனால் கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதற்கு மேல் என்னிடம் நியாயம் இல்லை.

ஓர் உதவி வேண்டும். எஸ்டோனியன் இங்கே தெருவெல்லாம் கேட்கிறது. ஜோங்காவுக்கு நான் ஆறு வாரமாவது பூட்டானில் இருந்து ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் என் ஆய்வு ஒற்றைக்கால். கிளம்பும் முன்பே திம்புவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். எங்கள் வத்தல்மலைக்குத் தபால் ஒழுங்காக ஏறாது என்று எப்போதும்போல உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். அழைப்பு பதிவுத் தபாலில் வரும். வந்தால் படம் எடுத்து அனுப்பு. உன் அலமாரியில் இருக்கும் என் நான்கு ஜோங்கா நோட்டுகளும் வேண்டும்.

ஒரு வேடிக்கை. எஸ்டோனியனில் 'எமா' என்றால் அம்மா. ஜோங்காவில் 'எமா' என்றால் மிளகாய். கடைத்தெருவில் ஏதாவது ஒரு குழந்தை 'எமா' என்று கத்தும்போதெல்லாம் எனக்கு நாக்கு எரிகிறது. இதற்குச் சிரிக்க இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை.

கலைச்செல்வி


மொரப்பூர்
9 பிப்ரவரி 2024

கலை,

படித்தேன். கிழிக்கவில்லை. எஸ்டோனியத் தபால்தலையை நான் இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

'ஏதாவது ஒரு குழந்தை' என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறாய். அந்தக் குழந்தையின் குரலைத்தான் நான் இரண்டு வருடம் கம்ப்யூட்டரில் தேடித் தேடிக் கேட்டேன். உதடு குவியாமல் ஒரு 'ஒ' இருக்கிறதே, அது உன் வாயில் வரவே இல்லை. 'காசு', 'பேச்சு' என்று சொல்லும்போது கடைசியில் வருகிற உகரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கு என்று நான்தான் சொல்லித் தந்தேன். இப்போது அந்த எழுத்தை வைத்து நீ ரொட்டி வாங்குகிறாய், பஸ் ஏறுகிறாய். நான் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'ஹீ' போட வேண்டிய இடத்தில் 'ஷீ' போடுகிறார்கள். அடிக்க மனம் வருவதில்லை. எஸ்டோனியனில் அவனும் கிடையாது, அவளும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே 'தா'. இந்தப் பிள்ளைகள் அங்கே பிறந்திருந்தால் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். அதை இங்கே யாரிடம் சொல்வேன்?

அப்பா மாப்பிள்ளை பார்க்கிறார். வருகிறவர்கள் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். "மொழியியலுங்க" என்றால், "தமிழா?" என்கிறார்கள். "ஆமாங்க" என்று அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள்.

நீ நேர்காணலில் சொன்ன அந்த ஒரு வரி இருக்கிறதே, இரண்டையும் ஒப்பிடுவது. அது எங்கள் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து நாம் இருவரும் பேசியது. அது யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. உன் வாயிலிருந்துதான். அதுதான் எனக்கு ஆறவில்லை. எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

உன் பூட்டான் தபால் எதுவும் இங்கே வரவில்லை.

நோட்டுகளை அனுப்ப மாட்டேன். படித்துக்கொண்டிருக்கிறேன். ஒண்ணாம் வகுப்பிலிருந்து எதற்கும் உதவாமல் கிடந்த 'ங' என்கிற எழுத்து ஜோங்காவில் 'நான்' என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆடிப்போனேன். வாக்கியத்தின் கடைசியில் மரியாதைக்கு ஒரு 'லா' போடுகிறார்கள், நாம் 'ங்க' போடுவதைப்போல. எஸ்டோனியனில் இந்தப் பணிவெல்லாம் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு அது பிடித்திருந்தது.

பானுமதி


தார்த்து
5 மார்ச் 2024

பானு,

உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? என் நோட்டை நீ படிக்கிறாய் என்று எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கொட்டாயில் கரண்டு போனபோதெல்லாம் அம்மா பிடித்த டார்ச் வெளிச்சத்தில் எழுதிய நோட்டு அது. உன் எஸ்டோனியனை நான் எடுத்துக்கொண்டேன் என்கிறாயே, இப்போது என் வயிற்றில் எரிவதுதான் இத்தனை மாதமாக உனக்கு எரிந்தது என்றால், உனக்காகக் கொஞ்சம் வருத்தப்படுகிறேன்.

திம்புவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. அழைப்பை நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்களாம். உன் விலாசத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்களாம். ஒப்புகை அட்டை திரும்பிப் போயிருக்கிறதாம். ஜனவரி கடைசிக்குள் நான் சம்மதம் எழுதவில்லையாம். அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

எத்தனை 'ஆம்' பார். காதால் கேட்டதைச் சொல்ல எஸ்டோனியனில் வினைக்கே தனியாக ஒரு வால் உண்டு என்று நீதான் முதலில் காட்டினாய். 'நம்ம வந்ததாம், போனதாம் மாதிரியே இருக்குதுடி' என்று குதித்தாய். ஜோங்காக்காரர்கள் வேறு கேள்வி கேட்பார்கள். இது உனக்குள் ஊறிப்போன விஷயமா, இப்போதுதான் கண்டு தெரிந்துகொண்டதா? இரண்டுக்கும் இரண்டு சொல். ஒன்றைப் போட வேண்டிய இடத்தில் மற்றதைப் போட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் இப்போதைக்கு 'ஆம்' போட்டுத்தான் எழுதுகிறேன். அதற்கு மேல் போக எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டில் யாராவது வாங்கி எங்காவது வைத்து மறந்திருக்கலாம். உன் அப்பாவிடம் கேள். என் அம்மாவை உங்கள் ஊர்த் தபால் ஆபீசில் போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் கோபக்காரி. நீ கூட இரு.

ஜோங்காப் பாதி இல்லாவிட்டால் வேறு தலைப்பு எடு என்கிறார் என் வழிகாட்டி. வேறு தலைப்பு என்னிடம் இல்லை.

கலைச்செல்வி


மொரப்பூர்
2 ஏப்ரல் 2024

கலை,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். தடுப்பை எடுக்க ஒரு நொடி போதும். குரல் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தபாலை வாங்கியவள் நான். நவம்பர் 22, புதன்கிழமை. பள்ளி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தர்மன் அண்ணன் நீட்டினார். உன் பெயருக்குக் கீழே 'மேற்பார்வை பானுமதி' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பிரித்தேன். ஆறு வாரம், தங்க இடம், பேச ஆட்கள், எல்லாம் தருவதாக எழுதியிருந்தார்கள். அவளுக்கு அங்கேயும் ஒன்று, இங்கேயும் ஒன்றா என்று தோன்றியது. அந்த ஒரு நினைப்புதான். அதை உன் முதல் நோட்டுக்குள் வைத்து அலமாரியைப் பூட்டினேன். இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டாவது நாள் நோட்டை எடுத்தபோது சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லை. படிக்கத்தான் எடுத்தேன்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஜனவரியில் திம்புவுக்கு நானே எழுதினேன். கலைச்செல்வி வெளிநாடு போய்விட்டாள், வர முடியாது, நான் அவளோடு சேர்ந்து ஆய்வு செய்பவள், என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. 'வேறு ஒருவருக்கு' என்று உனக்கு எழுதினார்களே, அந்த வேறு ஒருவர் நான்தான். ஜூலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் 19-ஆம் தேதி உன் அம்மா வந்தார். நான் கூடப் போகவில்லை. பள்ளி விட்டு வரும்போது தபால் ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் கூட்டம். சென்னம்மாள் அத்தையின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. "எம்புள்ள கடுதாசிய எந்தக் கெணத்துலய்யா போட்ட? மலைக்காரின்னா கேக்க நாதியில்லன்னு நெனச்சியா?" தர்மன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருத்தன் புகார் மனுவே எழுதிக்கொடுத்துவிட்டான். அத்தை என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைய நம்பித்தான் கண்ணு வெலாசம் குடுத்தா. நீ என்ன பண்ணுவ, இவனுங்க பண்ற வேலைக்கு."

நான் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். கலை, நான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துத் தர்மன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தினார். தபால் எதுவும் இல்லை.

"பாப்பா, நோட்டுல உங் கையெழுத்து இருக்குது. நான் யாருக்கும் காட்டல. வியாழக்கெழம மேலதிகாரி விசாரணைக்கு வராரு. அப்பக் காட்டித்தான் ஆவணும்."

"ஏன்ணா அன்னிக்கே காட்டல?"

"அந்தம்மா அழுதுக்கிட்டே உன் கையப் புடிச்சாங்க பாரு. அப்ப எப்படிக் காட்டறது?"

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தருமபுரி போய் வத்தல்மலை பஸ் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அத்தை களத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார். அத்தை கையில் இருந்த அவரையை உரித்து முடித்தார். அப்புறம் இன்னொன்றை எடுத்தார்.

"உள்ள களி இருக்குது. போட்டுத் தின்னுட்டுப் போ. கடைசி பஸ்ஸு நாலு மணிக்கு."

"அத்தை, ஏதாவது திட்டுங்க."

"எம்மவகிட்ட நீயே சொல்லு. அத என் வாயால சொன்னா அவ தாங்க மாட்டா."

அதனால்தான் அவர் உன்னிடம் இன்னும் சொல்லாமல் இருக்கிறார். மறுநாள் விசாரணைக்கு வந்தவரிடம் நானே போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். தர்மன் அண்ணனுக்கு ஒன்றுமில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

எஸ்டோனியனில் 'என்மேல் இருக்கிறது' என்பார்கள். ஜோங்காவில் 'எனக்கு இருக்கிறது'. நாம் பேசுகிற தமிழில் 'என்கிட்ட இருக்கு'. மூன்றிலும் ஒன்றைச் 'சொந்தமாக வைத்திருக்கிறேன்' என்று சொல்லத் தனி வினை கிடையாது என்று நாம் இருவரும் கண்டுபிடித்து மகிழ்ந்தோம். அது தெரிந்த நான்தான் இதைச் செய்தேன்.

திம்புவுக்கு இன்னும் உண்மையை எழுதவில்லை. எழுதினால் போய்விடும். அதை உன் கையில் விடுகிறேன்.

பானு


தார்த்து
27 ஏப்ரல் 2024

பானுமதிக்கு,

'உன் கையில் விடுகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். தப்பு செய்வது நீ, தண்டனை எழுதுவது நானா? வகுப்பிலும் இப்படித்தான். பாடத்தைப் படித்துவிட்டு வராத அன்றைக்கு, 'கலை சொல்லட்டும் மேடம்' என்பாய்.

என் அம்மா தபால் ஆபீஸ் வாசலில் கத்தினாள் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படிக்கும்போது என் கை உன் கன்னத்தைத் தேடியது. மலையிலிருந்து இறங்கி வந்தவளை, நாதியில்லை என்று சொல்லவைத்தவள் நீ. உங்கள் வீட்டில் எனக்கு எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கிறீர்கள். தட்டு தனியாக இருந்ததில்லை. அதற்காகவே நான் உன்னை வேறு யாரைவிடவும் நம்பினேன். இப்போது அந்தச் சோற்றை நினைத்தாலும் கசக்கிறது.

திம்புவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதில் நீ செய்தது எல்லாம் இருந்தது. இரண்டாவதில், பானுமதி என்னோடு சேர்ந்து ஆய்வு செய்பவள்தான், என் சம்மதத்தோடு வருகிறாள் என்று இருந்தது. ஒரு வாரம் இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதை அனுப்பினேன்.

மன்னித்ததால் அல்ல. காரணத்தைச் சொல்கிறேன். இது உனக்குத் தெரியாது.

அக்டோபரில், அந்தத் தபால் உன் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, இங்கே துறைக் கருத்தரங்கில் நான் பேசினேன். எஸ்டோனியனில் குறில், நெடில் தாண்டி மூன்றாவதாக ஒரு நீட்டல் இருக்கிறதே, 'லின்னா' என்று சாதாரணமாக நீட்டினால் நகரத்தினுடைய, இன்னும் இழுத்தால் நகரத்துக்குள். அதற்கு நீ உன் நோட்டில் என்ன எழுதியிருந்தாய்? 'இது நம் அளபெடை' என்று. நான்கு பக்கம் எழுதியிருந்தாய். உன்னிடம் கேட்காமல் நகல் எடுத்து வைத்திருந்தேன். அந்த நான்கு பக்கத்தை அப்படியே பேசினேன். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். இது யாருடைய யோசனை என்று ஒரு பேராசிரியை கேட்டார். 'மினு' என்றேன். என்னுடையது.

அந்தச் சொல்லில் உதடு குவியாத 'ஒ' இல்லை. சுத்தமாக வந்தது.

உன்னைப் பார்த்து எனக்கு எப்போதும் பொறாமைதான், பானு. உன் காது ஒருமுறை கேட்டதைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு நாற்பது முறை வேண்டும். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வாரமும், இவளுக்கு ஒருநாளாவது வாய் தடுமாறாதா என்று காத்திருந்தேன். இடம் எனக்குக் கிடைத்தபோது நான் முதலில் சந்தோஷப்பட்டது தார்த்துவுக்காக இல்லை. உன்னை ஒருமுறையாவது தாண்டிவிட்டேன் என்றுதான்.

ஜூலையில் போ. நூற்றிருபது கேள்விகள் இணைத்திருக்கிறேன். ஒன்றையும் விடாதே, ஒன்றையும் உன் இஷ்டத்துக்கு மாற்றாதே. பதிவுகளை எனக்கு அனுப்பு. அதுவரை எழுத வேண்டாம்.

கலைச்செல்வி


மொரப்பூர்
8 செப்டம்பர் 2024

கலை,

பதிவுகள் முழுவதும் நேற்று அனுப்பிவிட்டேன். நூற்றிருபது கேள்விகளில் நூற்றுப் பதினேழுக்குப் பதில் இருக்கிறது. மூன்றைக் கேட்டதும் அவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பையும் பதிவு செய்திருக்கிறேன். அந்த மூன்றும் நீ தப்பாக அமைத்த வாக்கியங்கள். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அளபெடையைப் பற்றி. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்மேல் கொதித்தேன். நான்காவது நாள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் ஒருத்தி மட்டும் கெட்டவள் இல்லை என்ற நிம்மதி. அது ஒன்றும் பெருமையான நிம்மதி இல்லை.

போவதற்குள் வீட்டில் பெரும் பாடு. "திருட்டுத்தனமா வாங்குன எடத்துக்கு ஊர்வலம் வேற போறியா?" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மாதான், "அந்தப் புள்ளயே போன்னு எழுதியிருக்குது. போவலன்னா அதுக்குத்தாங்க நட்டம்" என்றாள். கிளம்பும் நாளில் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு உன் அம்மா வந்திருந்தார். வறுத்த சாமை மாவு ஒரு டப்பா கொடுத்தார். ரயில் வரும்போது, "அங்க எம்மவ பேரச் சொல்லிப் பேசு" என்றார்.

சென்னை, அங்கிருந்து இரண்டு நாள் ரயில், அப்புறம் எல்லையிலிருந்து மலைப்பாதையில் பஸ். திம்புவில் நான் தங்கிய வீட்டுக்காரி பேமா என்று ஐம்பது வயதுக்காரி. முதல் நாள் சோற்றோடு வெறும் மிளகாயும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். நீ எழுதியிருந்தாயே, அந்த 'எமா'. கண்ணில் நீர் கொட்டியது. எஸ்டோனியனில் இதே சொல்லுக்கு அம்மா என்று அர்த்தம் என்று உடைந்த ஜோங்காவில் சொன்னேன். பேமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு உனக்கு வர வேண்டியது. நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் உன்னைப்பற்றிக் கேட்டாள். கல்லூரியில் முதலில் வேறு பெயர் சொன்னார்களே, அவள் யார்? என் தோழி என்றேன். எப்படிப்பட்டவள் என்றாள். நல்லவள் என்று சொன்னேன். சொல்லும்போது 'இம்மே' என்று முடித்துவிட்டேன். பேமா தேநீரைக் கீழே வைத்தாள்.

"எத்தனை வருடப் பழக்கம்?"

"ஏழு வருடம்."

"அப்படியானால் 'இன்' என்று சொல்ல வேண்டும். ஊறிப்போன விஷயத்துக்கு 'இன்'. நீ சொன்னது இப்போதுதான் கண்டுபிடித்தவள் சொல்வது."

நான் திருத்திக்கொள்ளவில்லை, கலை. தப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேமா ஏதோ புரிந்ததுபோல இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

அடுத்த வாரமே உன்மேல் மறுபடியும் பொறாமை வந்துவிட்டது. பேமாவின் மகள் உன் எழுத்தைப் பார்த்துவிட்டு, இந்த வெளிநாட்டுக்காரி எங்கள் லிபியை எங்களைவிட அழகாக எழுதுகிறாள் என்றாள். எழுதுவது ஒன்றாகவும் வாசிப்பது வேறாகவும் இருக்கிற அந்த எழுத்தை, டார்ச் வெளிச்சத்தில், நீ எப்படிக் கற்றாய்? எனக்கு ஆறு வாரத்தில் பாதிகூட வரவில்லை. எஸ்டோனியன் எழுதினபடியே வாசிக்கிற மொழி. எனக்கு வாய்த்தது சுலபமான மொழி என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

எழுத வேண்டாம் என்றிருந்தாய். பதிவுகளோடு ஒரு குறிப்பு போதும் என்றுதான் உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது.

பானு


தார்த்து
20 அக்டோபர் 2024

பானு,

பதிவுகளைக் கேட்டேன். மூன்று வாரம் வேறு எதையும் கேட்கவில்லை. அந்த மூன்று கேள்விகளும் தப்புதான். உன் உச்சரிப்பு ஜோங்காவிலும் நன்றாக இருக்கிறது. மேலே எழும் தொனி, கீழே இறங்கும் தொனி இரண்டும் ஒழுங்காக விழுகின்றன. அதைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன். ஆறு வாரத்தில் என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள் என்று இருந்தது. திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன்.

செப்டம்பர் கடைசியில் அதே கருத்தரங்கில் எழுந்து நின்று, போன வருடம் நான் பேசிய அளபெடை என்னுடையது இல்லை, மொரப்பூரில் இருக்கும் பானுமதி எழுதியது என்று சொன்னேன். யாரும் மேசையைத் தட்டவில்லை. வழிகாட்டி எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். இரண்டு வாரம் காபி நேரத்தில் என் மேசைக்கு ஒருத்தரும் வரவில்லை. பிறகு அந்தப் பேராசிரியை வந்து உன் விலாசம் கேட்டார். கொடுத்தேன். கொடுக்கும்போது வலித்தது. அவர் உனக்கு எழுதக்கூடும்.

கட்டுரை தயார். தார்த்துவில் ஒரு முறை, திம்புவில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை அச்சாகப் போகிறது. இரண்டு பெயரும் இருக்கும். பாதி உன்னுடையது, பாதி என்னுடையது, எந்தப் பாதி யாருடையது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. யார் பெயர் முதலில் என்று கேட்கிறார்கள். அகரவரிசைப்படி என்று சொல்லிவிட்டேன். சம்மதமா?

கலை


மொரப்பூர்
12 நவம்பர் 2024

கலை,

பேராசிரியை எழுதிவிட்டார். மூன்று பக்கம், எஸ்டோனியனில். பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்கார்ந்து அகராதி இல்லாமல் படித்தேன். அடுத்த வருடம் ஓர் இடம் காலியாகலாமாம், விண்ணப்பிக்கச் சொல்கிறார். அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவாச்சும் உம் பேருக்குத்தான் வந்துருக்குதா?" என்று கேட்டார். உறையைக் காட்டினேன். பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன் என்றார்.

உன் அகரவரிசையைப் பற்றி. நீ யோசித்துத்தான் சொன்னாயா, யோசிக்காமல் சொன்னாயா என்று ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போட்டேன். எஸ்டோனிய வரிசையில் 'பி' முன்னால், 'கே' பின்னால். தார்த்துவில் நான் முதலில் வருகிறேன். ஜோங்கா எழுத்து வரிசை நம்முடையதைப்போல 'க'வில் தொடங்குகிறது. திம்புவில் நீ முதலில். ஆக, என் மொழியில் நான், உன் மொழியில் நீ. அதுவரைக்கும் நியாயம்.

தமிழில் 'க' முதலில், 'ப' பின்னால். நம் ஊரில், நம்மைத் தெரிந்தவர்கள் கையில் எடுத்துப் படிக்கப் போகிற அந்த ஒன்றிலும் நீதான் முன்னால் நிற்கப் போகிறாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியே போடு.

பானு